பாதாமியின் சிவப்புக் கல்லும் எல்லோராவின் கறுப்புக் கல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடகத்தின் பாதாமி, மகாராஷ்டிரத்தின் எல்லோரா இரண்டையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிட்டு வந்தேன். படங்களைக் காட்டியபோது பாதிப் பேர் சிற்பத்தை விட்டுவிட்டுக் கல்லைத்தான் கேட்டார்கள். அங்கே செக்கச் சிவப்பு, இங்கே கறுப்பு, இரண்டும் குடைவரைதானே, கல் மட்டும் ஏன் இப்படி? ஒருவருக்குச் சொன்னதையே இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்ததால் கேள்விகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் என்ன வித்தியாசம்?

பாதாமியில் இருப்பது மணற்கல். பள்ளிப் புத்தகம் சொல்லும் படிவுப் பாறை. எல்லோராவில் இருப்பது பசால்ட். எரிமலைக் குழம்பு தரைக்கு மேல் வழிந்து, ஆறி, உறைந்த தீப்பாறை.

பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரி எங்கேயோ பொரிந்தது, பாகு தனியாகக் காய்ச்சியது, இரண்டும் சேர்ந்ததுதான் உருண்டை. மணற்கல்லும் அப்படித்தான். மணல் வேறெங்கோ பிறந்தது, ஒட்டுப்பொருள் பிறகு வந்தது. பசால்ட்டோ, பொரியே இல்லாமல் பாகு மட்டும் தட்டில் ஊற்றி இறுகிப்போன மாதிரி. பாகில் நுரைத்த குமிழிகள்கூட அப்படியே தங்கியிருக்கும்.

பசால்ட் என்றால் நம் ஊர்க் கருங்கல்தானே?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. தமிழில் கருங்கல் என்பது நிறத்தையும் உறுதியையும் வைத்து வந்த பெயர். தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று கட்டடத்துக்கும் கோயிலுக்கும் எடுப்பது பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் வகை. பல்லாவரம் மலைக் கல்லும் சார்னோகைட்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லும் இதே வகை. அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்.

இவை எல்லாம் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை அல்லது உருமாறியவை. எரிமலை வாயை இவை பார்த்ததே இல்லை. உடைத்துப் பார்த்தால் பளபளக்கும் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். பசால்ட்டை உடைத்தால் மங்கலான கறுப்பு மட்டும்தான், படிகம் இருக்கும் ஆனால் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது. காரணம் ஆறிய வேகம். நாள்கணக்கில் அசையாமல் விட்ட பாகில்தான் பெரிய கற்கண்டு விளையும், சட்டென்று ஆறினால் குருணைதான். பூமிக்கடியில் மெதுவாக ஆறியது கிரானைட், வெளிக்காற்றில் விரைவாக ஆறியது பசால்ட்.

ஜல்லியிலும் இதே கதை. சென்னையில் 'புளூ மெட்டல்' என்று வந்து இறங்குவது அநேகமாக சார்னோகைட். புனேவில் லாரியிலிருந்து கொட்டுவது பசால்ட். நிறம் கிட்டத்தட்ட ஒன்று, பிறப்பு வேறு.

பாதாமியில் மணல் எப்படிக் கல்லானது?

பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து மணலாயின. ஆறுகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, வேகம் குறைந்த இடத்தில் போட்டுவிட்டுப் போயின. அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. மேலே பாரம் ஏற ஏற அடியில் இருந்த மணல் நெருங்கியது. மணலின் இடுக்குகளில் ஊறிய நீர், தன்னுள் கரைந்திருந்த சிலிகாவையும் இரும்பு ஆக்சைடையும் அங்கே விட்டுச் சென்றது. அதுதான் ஒட்டுப்பொருள். சிவப்பும் அந்த இரும்பின் துரு நிறம்தான்.

மணல் என்பதற்குப் புவியியலில் அளவு உண்டு. ஒவ்வொரு மணியும் ஏறக்குறைய 0.06 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிட நுண்ணியது வண்டல், களி. பெரியது சரளை.

பாதாமியில் அகத்தியர் ஏரிக்கரையில் நின்று எதிர்ப் பாறைச் சுவரைப் பாருங்கள். கிடைமட்டக் கோடுகள் தெரியும். அவற்றுக்கு நடுவே சில கோடுகள் சாய்ந்து ஓடும். முதலில் அதை விரிசல் என்றுதான் நினைத்தேன். அது நீரோட்டம் மணலை முன்னே தள்ளிக்கொண்டு போனபோது விழுந்த சரிவு. காவிரி மணல்திட்டை வெட்டிப் பார்த்தாலும் அதே சாய்கோடுகள் இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதை அந்தச் சாய்வை வைத்தே சொல்லிவிடலாம். விலங்கு என்று ஒன்று உலகத்தில் தலைகாட்டுவதற்கும் முன்னால் ஓடிய ஓர் ஆற்றின் திசை!

மகாராஷ்டிரத்தில் எரிமலையே இல்லையே, அவ்வளவு குழம்பு எங்கிருந்து வந்தது?

எரிமலை என்றதும் உச்சியில் புகையும் கூம்புதான் மனதில் வருகிறது. தக்காணத்தில் நடந்தது வேறு. தரை நீளநீளமாகப் பிளந்து, பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி வழிந்தது. பசால்ட் குழம்பு 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும், சிலிகா குறைவு என்பதால் இளகி ஓடும். கெட்டியான குழம்பாக இருந்தால் வாயிலேயே குவிந்து கூம்பாகியிருக்கும். இது பரந்து போய் மட்டமாகப் படிந்தது. ஒன்று ஆறியதும் அதன்மேல் அடுத்தது.

இது நடந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்று எஞ்சியிருக்கும் பரப்பே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் தடிமன் 2 கிலோமீட்டரையும் தாண்டும். மகாராஷ்டிரத்தின் உயர்ந்த சிகரமான கல்சுபாய் (1646 மீட்டர்) முழுக்க முழுக்க இந்தக் குழம்பின் அடுக்குகள்தான்.

ஒவ்வொரு அடுக்கும் அரிபட்ட விதத்தில் மலைச்சரிவு படிக்கட்டு மாதிரி தெரியும். ஆங்கிலத்தில் இதை 'டெக்கான் டிராப்ஸ்' என்பார்கள். அந்த 'டிராப்' பொறி அல்ல, படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. மும்பையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போகும்போது சன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும், படி படியாக எண்ணலாம்.

பூமிக்குள் இந்தச் சூட்டைக் கொடுத்த இடம் இப்போது இந்தியாவுக்கு அடியில் இல்லை. இந்தியா வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இன்றும் குழம்பு கக்கும் எரிமலைக்குக் கீழே இருப்பது அதே சூட்டு ஊற்று என்பதே பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து.

டைனோசர்களை அழித்தது இந்தக் குழம்பா?

காலம் ஒத்துப்போகிறது என்பதால் சந்தேகம் எழுந்தது. ஆனால் அதே சமயத்தில் மெக்சிகோவின் யுகாத்தான் கரையில் ஒரு பெரும் விண்கல் விழுந்து, 180 கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற பள்ளத்தை விட்டுச் சென்றது. முதன்மைக் குற்றவாளி விண்கல்தான் என்பவர்களே இன்று அதிகம். எரிமலை வாயுக்கள் எந்த அளவுக்குக் கைகொடுத்தன என்பதில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

கையில் ஒரு கல் கிடைத்தால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகம் எதுவும் வேண்டாம். முதலில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுத் துண்டில் பசால்ட் கனமாக இருக்கும். ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவுள்ள பசால்ட் கிட்டத்தட்ட 3 கிலோ நிற்கும், மணற்கல் இரண்டேகால், இரண்டரை கிலோவோடு நின்றுவிடும்.

அப்புறம் விரலால் தேயுங்கள். மணற்கல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பழசானால் மணல் கையோடு வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இருந்தால் மணிமணியாகத் தெரியும், மணிகளின் மூலைகள் உருண்டு தேய்ந்திருக்கும். பசால்ட்டில் அப்படி எதுவும் தெரியாது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல மணற்கல் அதைக் குடித்துவிடும். பசால்ட்டின் மேல் சொட்டு உட்கார்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது காந்தச் சோதனை. வலுவான சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பசால்ட்டில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருப்பதால் காந்தம் லேசாக அதன் பக்கம் சாயும். சிவப்பு மணற்கல்லிலும் இரும்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது துரு வடிவத்தில் இருக்கும் இரும்பு, காந்தம் அதை அநேகமாகக் கண்டுகொள்ளாது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மணற்கல் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, சாம்பல் என எல்லா நிறத்திலும் வரும். பசால்ட்டும் வெயில் மழையில் கிடந்தால் மேல்தோல் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும். உடைத்து உள்முகத்தைப் பார்த்த பிறகு பேசுவது நல்லது.

பசால்ட்டில் ஓட்டைகளும் அவற்றுக்குள் வெள்ளைப் படிகங்களும் ஏன்?

குழம்பில் கரைந்திருந்த வாயு, மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ்விடுகிறது. குமிழி வெளியேறுவதற்குள் குழம்பு உறைந்துவிட்டால் ஓட்டை மிஞ்சும். அதனால்தான் ஒவ்வொரு அடுக்கிலும் மேல் பகுதியில் ஓட்டை அதிகம், நடுப்பகுதி கெட்டி.

பிறகு அந்த ஓட்டைகளில் வெந்நீர் ஊறி, ஸ்டில்பைட், ஹ்யூலண்டைட், அபோபிலைட் போன்ற படிகங்களை வளர்த்துவிட்டது. புனே, நாசிக், ஔரங்காபாத் பக்கத்துப் படிகங்கள் உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன. புனே அருகே வாகோலி கல்குவாரியில் கிடைக்கும் கவான்சைட் என்ற நீலப் படிகத்தை ஒரு முறை பார்த்தால் மறக்காது. அடர் கறுப்பின் நடுவே, வெள்ளைப் படிக மெத்தைமேல், மயில்நீல உருண்டை.

மணற்கல்லிலும் துளைகள் உண்டு, ஆனால் அவை குமிழிகள் அல்ல, மணிகளுக்கு நடுவே விட்டுப்போன சந்து.

சிற்பிக்கு எது வசதி?

இரண்டுக்கும் தனித்தனித் தொல்லை உண்டு. மணற்கல்லின் மணிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம், உளியைவிடக் கடினம், அதனால் உளி முனை சீக்கிரம் தேயும். ஆனால் மணிகளைப் பிடித்திருக்கும் ஒட்டு அவ்வளவு வலுவில்லை, எனவே கல் விட்டுக்கொடுக்கும். அடுக்குவாட்டில் பலகை பலகையாகப் பிளக்கவும் செய்யும். பாதாமியின் மூன்றாம் குகையில் கி.பி. 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய இளவரசன் மங்களேசன் செய்வித்த வேலை. அங்கே பெரிய விஷ்ணு உருவத்தின் குறுக்கே மணல் அடுக்கின் வண்ணக் கோடுகள் ஓடுவதைப் பாருங்கள். சிற்பி போட்டதல்ல, ஆறு போட்டது.

பசால்ட்டுக்கு அடுக்குவாட்டு என்று ஒன்று கிடையாது, எந்தப் பக்கம் கொத்தினாலும் ஒரே மாதிரி. ஆனால் கடினம், கனம். ஓட்டைப் படிகம் உள்ள பகுதி சிற்பத்தின் முகத்தில் வந்துவிட்டால் வேலை பாழ். எல்லோரா கைலாசநாதர் கோயிலை 8-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தார்கள். பின்பக்கச் சுவரின் உயரம் சுமார் 30 மீட்டர். வெட்டி வெளியே எறிந்த கல் ஒரு லட்சம் டன்னுக்குக் குறையாது. குழம்பு தடிமனான அடுக்குகளாகப் படிந்திருந்ததால்தான் ஒரு முழுக் கோயிலுக்கு இடம் கொடுத்தது.

இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. காஞ்சிபுரத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல். அடித்தளம்தான் கிரானைட். காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனுக்காக அவன் அரசி லோகமகாதேவி பாதாமிக்குப் பக்கத்துப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலும் மணற்கல். அந்தச் சாயலைத்தான் எல்லோராவில் பசால்ட்டில் செதுக்கினார்கள் என்பது கலை வரலாற்றாளர்கள் பலரின் கணிப்பு. ஒரே வடிவம், மணற்கல்லிலிருந்து எரிமலைக் கல்லுக்கு நடந்து போயிருக்கிறது. காஞ்சியில் யாளிகளின் முகம் உதிர்ந்து, பின்னாளில் சுதை பூசிச் சரிசெய்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரைக் குடிக்கும் கல்லின் விதி அது.

அதற்காக பசால்ட் சாகாவரம் பெற்றதல்ல. அஜந்தாவில் பாறை வெடிப்புகள் வழியே மழைநீர் கசிவது இன்றும் ஓவியங்களுக்குப் பெரிய பிரச்சினை. அங்கே கரடுமுரடான பசால்ட் சுவரின் மேல் மண் பூச்சுப் பூசி, அதன்மேல்தான் தீட்டியிருக்கிறார்கள்.

தொல்லுயிர்ப் படிவங்கள் எதில் கிடைக்கும்?

படிவுப் பாறையில். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமியில் கடல் நத்தை வகைகள் கிடைக்கின்றன, திருவக்கரை மணற்கல்லில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பாதாமி மணற்கல்லில் எலும்பு தேடினால் ஏமாற்றம்தான். அது படிந்தபோது எலும்புள்ள உயிரே கிடையாது.

1200 டிகிரி குழம்பில் எது விழுந்தாலும் சாம்பல்தான். அதிசயமாக ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1935-இல் ஒரு பசால்ட் பாறைக்குள் காண்டாமிருக வடிவப் பொந்து ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீரில் கிடந்த விலங்கின் மேல் குழம்பு வந்து மூடி, நீர் பட்டு உடனே உறைந்து, அச்சு மட்டும் தங்கிவிட்டது.

தக்காணத்தில் இன்னும் சுவையான விஷயம், இரண்டு வகைப் பாறையும் மாறி மாறி இருப்பது. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளி இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஏரிகள் உண்டாகி, வண்டல் படிந்து, செடிகொடி முளைத்து, தவளை கத்தியிருக்கிறது. மும்பை வொர்லி குன்றில் அப்படி ஓர் இடை அடுக்கில் தவளைப் படிவங்களே கிடைத்தன. குழம்புகளுக்குக் கீழே இருக்கும் லமேட்டா படிவுகளில்தான் 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவின் முதல் டைனோசர் எலும்பை எடுத்தார். குஜராத்தின் பாலாசினோர் பக்கத்து டைனோசர் முட்டைகளும் அதே படிவுகளில்தான்.

எதற்கு வயது சொல்வது எளிது?

பசால்ட்டுக்கு. உறைந்த நொடியிலிருந்து அதன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கல்லிலுள்ள பொட்டாசியம்-40 மெல்லச் சிதையும், பாதி சிதைவதற்கே (அரையாயுள்) சுமார் 125 கோடி ஆண்டுகள். அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாகிக் கல்லுக்குள் தங்கிவிடும். சிறைப்பட்ட ஆர்கானை அளந்தால் வயது வந்துவிடும்.

மணற்கல்லில் இதைச் செய்தால் மணல்மணியின் வயதுதான் கிடைக்கும், கல்லின் வயது அல்ல. வீட்டுச் செங்கல்லின் வயதை வைத்து வீடு எப்போது கட்டியது என்று சொல்ல முடியாது அல்லவா? 'இந்த மணியைவிடக் கல் இளையது' என்பது மட்டும் உறுதி. அதனால் உள்ளே இருக்கும் தொல்லுயிர்களையும், நடுவே மாட்டிக்கொண்ட எரிமலைச் சாம்பலையும் வைத்துக் காலத்தை நெருக்கிப் பிடிப்பார்கள்.

பசால்ட் வயதோடு இடத்தையும் சொல்லும். உறையும்போது அதிலுள்ள மேக்னடைட், அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசையையும் சாய்வையும் பதிந்துகொள்கிறது. 1950-களில் தக்காணக் கற்களை அளந்தபோது, அவை உறைந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, சுமார் 30 டிகிரி பக்கம் என்று தெரிந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்ற வாதத்துக்கு வலுச்சேர்த்த சான்றுகளில் அதுவும் ஒன்று.

பசால்ட்டும் கடலில் படிந்ததுதான் என்று யாராவது நினைத்ததுண்டா?

நினைத்ததுண்டு, அதுவும் பெரிய பேராசிரியர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்திய வெர்னர், பசால்ட் கடல்நீரிலிருந்து படிந்த கல் என்று கற்பித்தார். கேலி செய்ய வேண்டாம். அவர் பார்த்த சாக்சனியில் பசால்ட், மணற்கல்லின் மேல் மட்டமாக அடுக்காக உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் எரிமலை கிடையாது. பார்த்ததை வைத்துச் சொன்னார்.

பிரான்சில் தெமரே என்பவர் 1763-இல் ஓவர்ன் பகுதியில் பசால்ட்டைப் பின்தொடர்ந்தே நடந்தார். அது போய் முடிந்தது ஓர் அணைந்த எரிமலையின் வாயில். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன், பூமிக்குள் இருக்கும் வெப்பமே இந்தப் பாறைகளுக்குக் காரணம் என்றார். எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல கேள்வி இருந்தது: பாறையை உருக்கி ஆறவிட்டால் கண்ணாடிதானே கிடைக்கிறது, கல் கிடைக்கவில்லையே? ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் அதைச் செய்தே பார்த்தார். உலையில் உருக்கி, வேகமாக ஆறவிட்டபோது கண்ணாடி வந்தது. மெதுவாக ஆறவிட்டபோது படிகம் உள்ள கல்லே திரும்ப வந்தது. அத்துடன் வாதம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை, வெர்னரின் மாணவர்களே ஓவர்னுக்குப் போய்ப் பார்த்து ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள்.

அறுகோணத் தூண்களை மனிதர்கள் செதுக்கவில்லையா?

இல்லை. குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிக்கிறது. கோடையில் ஏரி வற்றியதும் தரை கட்டம் கட்டமாக வெடிப்பது போல, ஆனால் வெடிப்பு கீழே இறங்கிக்கொண்டே போவதால் தூணாகிவிடுகிறது. மும்பை அந்தேரியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் குன்று, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு இப்படிப்பட்ட தூண்கள். உடுப்பி மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரீஸ் தீவுத் தூண்களும் எரிமலைக் கல்தான், ஆனால் பசால்ட் அல்ல, சிலிகா அதிகமுள்ள வேறு வகை. தக்காணக் குழம்பைவிட மூத்தது, மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்தது.

கோவில்பட்டி கரிசல் மண்ணும் எரிமலை மண்ணா?

மகாராஷ்டிரத்துக் கரிசல் பெரும்பாலும் பசால்ட் மக்கியது. பருத்திக்குப் பேர்போனது. நம் கோவில்பட்டி, விருதுநகர் கரிசலுக்கு அடியில் பசால்ட் கிடையாது, நைஸ் வகைப் பாறைகள்தான். வறண்ட காலநிலையும் மோசமான வடிகாலும் சேர்ந்தால் வேறு பாறைகளும் இதே மாதிரி கறுத்து, மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் களியாகும். மண்ணைப் பார்த்துப் பாறையை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிணறு வெட்டினால் எதில் தண்ணீர் நிற்கும்?

மணற்கல்லில் மணிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் நீர் இருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணற்பாறை நீரின் அழுத்தம் அவ்வளவு, அதை இறைத்து இறக்காமல் சுரங்கம் தோண்டவே முடியாது. பசால்ட்டில் நீர் விரிசலிலும், ஓட்டை நிறைந்த அடுக்கின் மேல்பகுதியிலும் மட்டும்தான். அதனால் மராத்வாடாவில் ஒருவர் தோட்டத்தில் போட்ட போர் பொங்கும், வேலிக்கு அந்தப் பக்கம் போட்டது புழுதி கக்கும். பாவம், குற்றம் போர் போட்டவருடையது அல்ல.

அதே ஓட்டைகளுக்கு இப்போது புது வேலை வந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்து பசால்ட்டுக்குள் செலுத்துகிறார்கள். கல்லிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, இரண்டே ஆண்டுக்குள் அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கனிமமாக உறைந்துவிட்டதாக 2016-இல் அறிவித்தார்கள்.

எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்தால் அது எந்த வகை?

நல்ல கேள்வி, பாடப்புத்தகக் கட்டங்களில் அடங்காத கேள்வி. டஃப் என்ற அந்தக் கல் பிறந்தது எரிமலையில், படிந்தது மணல் மாதிரி. பெரும்பாலும் எரிமலைப் பாறைகளோடுதான் சேர்ப்பார்கள். அதே சாம்பலை ஆறு அடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் போட்டால் படிவுப் பாறை.

அம்மிக்கு எது நல்லது?

மணற்கல் வேண்டாம், சட்னியில் மணல் நறநறக்கும். அது சாணை பிடிக்கத்தான் லாயக்கு, பழைய சாணைச் சக்கரங்கள் பல மணற்கல்லில் செய்தவை. மெக்சிகோவில் மிளகாய் அரைக்க ஓட்டை நிறைந்த பசால்ட் உரலைத்தான் வைத்திருக்கிறார்கள். தேயத் தேய புது ஓட்டை மேலே வரும், சொரசொரப்புக் குறையாது. நம் கருங்கல் அம்மி வழவழத்துப்போகும், அதனால்தான் 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் கூவிக்கொண்டு ஆள் வர வேண்டியிருந்தது.

நிலாவில் எந்தக் கல்?

கண்ணுக்குத் தெரியும் கருந்திட்டுகள் பசால்ட். 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்ததிலும் அது இருந்தது, வயது 350 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஓடும் தண்ணீரும் வீசும் காற்றும் இல்லாததால் மணற்கல் அங்கே உருவாக வழியில்லை. செவ்வாயில் இரண்டும் உண்டு.

இரண்டையும் நேரில் பார்க்க வேண்டும், எங்கே தொடங்கலாம்?

தமிழ்நாட்டிலிருந்து போனால் பாதாமி முதலில். அங்கே வாதாபியை (பாதாமியின் பழைய பெயர்) வென்ற நரசிம்மவர்ம பல்லவனின் கல்வெட்டும் ஒரு பாறையில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து வடக்கே சில மணி நேரத்தில் விஜயபுரா. கோல் கும்பஸின் கருஞ்சாம்பல் நிறச் சுவரைத் தொட்டால் நீங்கள் எரிமலைக் கல் நாட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பேருந்தில் போனால் வழியில் மண் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறுவதைக் கவனியுங்கள், நான் தூங்கிவிட்டேன். எல்லோரா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அஜந்தா திங்கட்கிழமை. நினைவுச்சின்ன வளாகத்தில் ஒரு துண்டுக் கல்லும் எடுக்கக் கூடாது. காந்தச் சோதனைக்குக் கல் வேண்டுமென்றால் சாலையோர ஜல்லிக் குவியல் போதும்.